மண்டபத்துக்காகச் செத்த நாயகி

என் நாவலின் நாயகி இருபதாம் அத்தியாயத்தில் செத்துப்போனாள். நோய்நொடி ஒன்றுமில்லை. வெளியீட்டு விழாவுக்கு விஸ்மா துன் சம்பந்தனில் மண்டபம் கிடைத்துவிட்டது. தேதியை மாற்ற முடியாது.

1917இலேயே ‘கருணாசாகரன்’ என்ற தமிழ் நாவல் வந்துவிட்ட நாடு இந்த மலேசியா. நூறு வருடம் தாண்டியும் இங்கே எழுதுகிறவனேதான் பதிப்பாளன், பிழை திருத்துபவன், பெட்டி தூக்குபவன். நான் எழுதுவது கிள்ளானில் ஒரு மாமாக் கடையில். ஒரு தே தாரேக்குக்கு நான்கு பக்கம் என்று கணக்கு. அட்டைப்படம் மட்டும் முதலிலேயே தயார். அதில் ரப்பர் மரம் இருந்ததால் கதை தோட்டத்தில் நடந்தது. நானோ பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் வளர்ந்தவன். பால்மரத்தைப் படத்தில் பார்த்ததோடு சரி.

வெளியீட்டு விழாவில் ஒரு டத்தோ முதல் நூலைப் பெற்றுக்கொண்டார். கனமான உறை ஒன்றைக் கொடுத்தார். நாவலின் தலைப்பைத் தப்பாகச் சொல்லி அரைமணி நேரம் பாராட்டினார். போகும்போது நூலை நாற்காலியிலேயே விட்டுப் போனார். அதை எடுத்து அடுத்த பிரமுகருக்குக் கொடுத்தோம், அவரும் விட்டுப் போனார், அதற்கடுத்தவரும் அப்படியே. மூன்று உறை வாங்கித் தந்த உத்தமப் பிரதி அது. பொன்னாடைகள் ஏழு சேர்ந்தன. மீகூன் தீர்ந்தது, புத்தகம் தீரவில்லை.

1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு 5 பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தேன். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள்.

மிச்சமெல்லாம் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. கிள்ளான் பக்கம் வந்தால் சொல்லுங்கள். பெரிய பையாகக் கொண்டு வாருங்கள்.