பரணேறிய கடலை டப்பா

எங்கள் வீட்டுக் காப்பகத்தில் பிள்ளைகள் 7 பேர். சமையல் குறிப்புகள் 11. ஒருவனுக்கு வெள்ளைச் சர்க்கரை ஆகாது, பனங்கற்கண்டுதான். இன்னொருத்திக்கு ராகிக் கஞ்சி, அதுவும் முளைகட்டிய மாவில். "அக்கா, நெய் மட்டும் நாங்க கொடுத்தனுப்பினதையே ஊத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு.

வேர்க்கடலை ஒவ்வாமை என்றால் மறுபேச்சே இல்லை. கடலை டப்பா அன்றே பரணேறிவிட்டது. 1 வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவச் சொன்ன பாட்டியிடம் மட்டும் கறாராக மறுத்தேன். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்து அந்தப் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகலாம். பாட்டி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பனங்கற்கண்டுக்காரனைக் கூட்டிப்போக மாலையில் அப்பா வருவார். வண்டியில் ஏறியதும் அவர் சட்டைப் பையிலிருந்து க்ரீம் பிஸ்கட் வெளியே வரும்.

"அவன் அம்மாகிட்ட சொல்லிடாதீங்கக்கா."