பாறைமேல் நாலு கால்

குமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "எங்க வீட்டு நாயையும் கூட்டிட்டுப் போகலாமா?" மாமனார், மாமியாரைக் கூட்டிப்போகலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆகவே பதில் நாய்களுக்கு மட்டும்.

முட்டத்திலிருந்து குளச்சல் வரை ஒரே நாளில் நாயோடு போய்வர முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

முடியும். தூரம் ஒரு பொருட்டே இல்லை. முட்டம், கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கிறது. வெயில்தான் வில்லன். கன்னியாகுமரி முனையில் சூரிய உதயம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தால், அந்தக் கூட்டத்திலேயே நாய் களைத்துவிடும். அதற்கு உதயமும் ஒன்று, அஸ்தமனமும் ஒன்று. யாரோ கீழே போட்ட சுண்டல் பொட்டலம்தான் தரிசனம். நாகர்கோவில் வழியாக நேரே முட்டத்துக்குப் போய், விடியும்போது பாறையடியில் நில்லுங்கள். ஒன்பது மணிக்குள் பாறை வேலை முடிந்தாக வேண்டும். அப்புறம் தென்னந்தோப்பு நிழல், தண்ணீர், தூக்கம். நாலரைக்கு மேல் கிழக்கே திரும்பிச் சங்குத்துறையிலோ சொத்தவிளையிலோ மணலில் நடக்கலாம். மாசியில் மண்டைக்காடு கொடைவிழா நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் நாயோடு எட்டிப்பார்க்காதீர்கள். மனிதர் நிற்கவே இடம் இருக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் நாயோடு வெளியே. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி, "அஞ்சு நிமிஷம்தானே" என்று காருக்குள் பூட்டிவிட்டுப் போகிறவர்கள், முதலில் அந்த அஞ்சு நிமிஷம் தாங்களே உள்ளே உட்கார்ந்து பார்க்கட்டும்.

பாறையில் நாய் வழுக்குமா? நமக்கு ரெண்டு கால், அதற்கு நாலாயிற்றே! (வாசகி, மதுரை)

நாலு காலும் ஒரே நேரத்தில் வழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். முட்டத்துப் பாறை காய்ந்திருந்தால் நாயின் பாதத்துக்கு நல்ல பிடிப்பு. நனைந்து பாசி பிடித்த இடத்தில் ஆட்டுக்கே பிடிப்பில்லை. பாறையை உற்றுப் பாருங்கள்: மேல்பாதி வெளிறியிருக்கும், கீழ்ப்பாதி கறுத்து மினுங்கும். கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை கடல் வந்துபோகிறது. நாயும் நீங்களும் அந்தக் கோட்டுக்கு நன்றாக மேலேயே இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே கொட்டலசும் சிப்பியும் கூர்கூராக ஒட்டியிருக்கும். சிப்பி எடுக்கிறவர்களுக்கு அது பிழைப்பு. உங்கள் நாயின் பாதத்துக்கு அது பிளேடு.

அந்தக் கோட்டையும் முழுசாக நம்பிவிட முடியாது. கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மேகம் இருக்காது. இந்தியப் பெருங்கடலின் தெற்குக் கோடியில் அடித்த புயலின் அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து, வெயில் காய்கிற நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. எச்சரிக்கை முன்பே விடப்பட்டிருந்தது. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது; கிளம்பும் முன் பாருங்கள். வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் "கடல் எப்படிண்ணே?" என்றும் கேளுங்கள். அவர் உதட்டைப் பிதுக்கினால், எவ்வளவு பெட்ரோல் போட்டு வந்திருந்தாலும், வண்டியைத் திருப்புங்கள். ஆனி முதல் ஆவணி வரை அவரைக் கேட்கவும் வேண்டாம், வரவும் வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் பாறையை அடிக்கிற சத்தமே பதில்.

நாய் தவறிக் கடலில் விழுந்தால் குதிக்கலாமா? (வாசகர், கோவில்பட்டி)

கூடாது. நாய் நீந்தும், நீங்கள் ஜீன்ஸ் போட்டிருப்பீர்கள். சத்தம்போட்டுக் கரையில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். அலை குறைவான மணல் பக்கமாக நகர்ந்து நின்று, நாய்க்குத் தெரியும்படி பேர் சொல்லி அழையுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் மாட்டியிருந்தால் தூக்க வசதி. கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தால், கடல் விட்டதைக் கயிறு முடித்துவிடும்.

பாரதிராஜா படம் எடுத்த பாறையில் எங்கள் லேபை நிறுத்தி ரீல்ஸ் எடுக்க ஆசை. (வாசகர், சென்னை)

1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை', 1986-ல் 'கடலோரக் கவிதைகள்' என்று பாரதிராஜா முட்டத்தைத் தமிழ்நாட்டுக்கே காட்டிவிட்டார். அங்கே நடித்த சத்யராஜுக்கு ஓர் இயக்குநர் இருந்தார். உங்கள் லேபுக்கு நீங்கள்தான் எல்லாம். நீங்களோ போன் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் பின்னால் நடப்பீர்கள். பாறை முடிகிற இடம் திரையில் தெரியாது.

எங்களுடையது அசல் வெள்ளை ராஜபாளையம். எதற்கும் பயப்படாது! (வாசகர், விருதுநகர்)

பயப்படாததற்கு வீரம் மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். 2005-ல் தபால் தலையில் ஏறிய பெருமை ராஜபாளையத்துக்கு உண்டு. ஆனால் அந்த வெள்ளை நிறத்தோடு பரம்பரையாகக் காது கேளாமையும் சில நாய்களுக்குச் சேர்ந்தே வருகிறது. தூங்கும்போது, அது பார்க்காத பக்கம் நின்று கைதட்டிப் பாருங்கள். காதுமடல்கூட அசையவில்லை என்றால், பாறையில் நீங்கள் போடும் சத்தம் அலைக்கு மட்டும்தான் கேட்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கயிறுதான் காது. இளஞ்சிவப்பு மூக்கு வெயிலில் வெந்துபோகும் என்பதையும் மறக்காதீர்கள்.

பக்? (வாசகி, கோவை)

வேண்டாம். மூக்கே பாதிதான் இருக்கிறது. மூச்சு எப்படி முழுசாக வரும்? சாயங்காலம் மணலில் பத்து நிமிஷம் நடந்தால் அதற்கு அதுவே உலகப் பயணம். அந்தச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடியதே என்பீர்கள். விளம்பரத்தில் வருவதெல்லாம் நடக்குமென்றால் நாமெல்லாம் என்றைக்கோ சிவப்பழகு பெற்றிருப்போம்.

மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சு உண்டாமே, நாய்க்கு ஆபத்தா? (வாசகர், திருச்சி)

கதிர்வீச்சு உண்டு. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலுள்ள தோரியம் அன்றைக்குக் கேஸ் விளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. நார் வாங்கியவருக்குத் தோரியம் இனாம்! இன்றும் அங்கே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். ஆலை மணலைப் பிரிக்கிறது. தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழும் ஊர் அது; ஒரு நாள் வந்துபோகும் நாய்க்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த மணலின் நிறத்துக்கு. இல்மனைட் கலந்த கறுப்பு மணல், வெள்ளை மணலைவிடச் சீக்கிரம் கொதிக்கும். புறங்கையை மணலில் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ண முடியாவிட்டால் நாய் அங்கே நடக்கக்கூடாது. செருப்புப் போட்டவர்கள் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றவர்கள். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான், அதுவும் சொற்பம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். இளைப்பு அடங்காமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழல், உடம்பெல்லாம் பச்சைத் தண்ணீர், பிறகு மருத்துவர். ஐஸ் கட்டியில் முக்க வேண்டாம். குடிக்கத் தண்ணீர் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கடல் தண்ணீரைக் குடித்த நாய் திரும்பும் வழியெல்லாம் வாந்தி எடுக்கும், உங்கள் கார் சீட்டில்.

காய வைத்திருந்த நெத்திலியை எங்கள் நாய் தின்றுவிட்டால்? (வாசகி, தென்காசி)

காசை எடுங்கள். அதற்கு முன், விரித்த வலைமேல் நெத்திலி எப்படிக் கிடக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்: ஒன்றின்மேல் ஒன்று படாமல், வெள்ளி ஊசி மாதிரி. பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காக்காய் விரட்டும் கம்போடு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். "எய்யா, ஒங்க பட்டிக்கு நாங்களா சோறு போடணும்?" என்று அவர் கேட்டால், "தெரியாம தின்னுட்டும்மா" என்று இளிக்காதீர்கள். நாய்க்குத் தெரியும், தெரிந்துதான் தின்றது. அவர் கேட்கிற விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கருவாட்டின் உப்புக்கு அன்று முழுவதும் நாய்க்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கிற மீன் வேறு கதை. பந்துபோல உப்பிய பேத்தை மீனில் உயிர்போக்கும் விஷம் உண்டு. வலையில் சிக்கினால் மீனவர்கள் அதை மணலில் வீசிவிடுவார்கள். நாய் அதை வாயில் எடுத்தால் பிடுங்குங்கள், கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். இரை ஒட்டியிருக்கும் பழைய தூண்டில் முள்ளும் அப்படியே. தொண்டையில் மாட்டினால் நீங்களே இழுக்காதீர்கள்.

ரயிலில் கொண்டுபோகலாமா? (வாசகர், ஈரோடு)

முதல் வகுப்பில் இரண்டு பேர் அல்லது நாலு பேர் அறை முழுதும் உங்கள் பேரில் இருந்தால் உங்களோடு வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள கூண்டில். அந்தக் கூண்டில் ஓர் இரவை உங்கள் நாய் மன்னிக்காது.

குளச்சலில் என்ன பார்க்கலாம்? (வாசகர், தூத்துக்குடி)

1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை முறியடித்ததன் நினைவாக ஒரு வெற்றித் தூண் நிற்கிறது. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்கே தலைவரானார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. தூணைக் கண்டால் நமக்கு வரலாறு தோன்றும், நாய்க்கு வேறொன்று தோன்றும். கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரையிலுள்ள ஊர் நாய்கள் சூழ்ந்துகொண்டால்? (வாசகி, சேலம்)

அவை ஊர் நாய்கள், உங்களுடையது வெளியூர் நாய். நியாயம் அவற்றின் பக்கம். உங்கள் நாயை மார்போடு தூக்கிக் கத்தாதீர்கள், ஓடாதீர்கள், பிஸ்கட் வீசி மாநாடு கூட்டாதீர்கள். வந்த வழியே நிதானமாகத் திரும்பி நடங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாளதுவரை போட்ட நாயை மட்டுமே அழைத்துச் செல்லுங்கள். உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவி, நேரே ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம்.

எந்த இடத்தில் கயிற்றை அவிழ்த்துவிடலாம்? சுதந்திரமாக ஓடட்டுமே! (வாசகர், சென்னை)

உங்கள் வீட்டுக் காம்பவுண்டுக்குள். அந்தக் கரை நமக்குத்தான் சுற்றுலா. மீனவருக்கு அதுவே பட்டறை, களம், குழந்தைகள் விளையாடும் முற்றம். கரைமடி வலை இழுக்கும்போது கம்பாக் கயிற்றின் நடுவே ஒரு நாய் புகுந்தால் அத்தனை பேரின் காலை உழைப்பும் கெட்டுப்போகும். மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடும் காலம் வேறு. முட்டைக் குழியைத் தோண்டுவதில் நாய்க்கு நிகர் நாய்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. நீளக் கயிறு, தண்ணீர்க் கிண்ணம், கழிவை அள்ள ஒரு பை. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நாயை வீட்டிலேயே விட்டுவிட்டு, மாமனாரைக் கூட்டிப்போங்கள்.