யாரு தொட்டா?

சாத்தூரிலிருந்து இருக்கன்குடி வரும் சாலையில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தால், எங்கோ ஒரு கடையில் பில் நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். வண்டியில் வருபவருக்கு சிஸ்டம் தம்பி, நெட்வொர்க்காரர், சர்வர் அண்ணன் என்று கடைக்கொரு பெயர். முதலாளிமார் வாயில் எல்லாம் ஒரே பெயர்தான்: "அவன் இன்னும் வரலையா?"

தீப்பெட்டி ஆபீஸ், பயராபீஸ், அச்சகம், பட்டாசுக் கடை என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு பெட்டி 'சர்வர்' என்று பட்டம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விசாரித்தால், முதலாளி மகன் காலேஜில் படித்தபோது வாங்கியது என்பார்கள். பில் போடும் நாலு கம்ப்யூட்டரும் சங்குசக்கரம் எத்தனை பெட்டி பாக்கி என்று அதனிடம்தான் கேட்டாக வேண்டும். அது வாய் திறக்காவிட்டால் கடை ஊமை. ஒழுங்காக ஓடும் பதினொரு மாதமும் சர்வர் அண்ணன் என்றொரு மனிதர் உயிரோடிருப்பது யாருக்கும் நினைவிருக்காது. நின்றுபோன பதினோராவது நிமிஷம் அவர்தான் ஊரிலேயே பெரிய குற்றவாளி.

அவருடைய பையில் வயர் முனை அழுத்தும் இடுக்கி ஒன்று, பொரிகடலை டப்பா நிறைய ஆர்ஜே 45 முனைகள், ஒரு பல்துலக்கும் பிரஷ். பிரஷ் எதற்கு என்று ஆயுத பூஜைக்கு மறுநாள் தெரியும். சர்வருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கும் பக்தர்கள், பொட்டை எப்போதும் கேபிள் சொருகும் துளையிலேயே வைப்பார்கள்.

நோட்டு என்று எதுவும் அவரிடம் கிடையாது. கடை கடையாக சர்வர்களின் முகவரி எண்களை அந்தந்தக் கடையின் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் முதுகில் எழுதி வைத்திருப்பார். சிவகாசிக்குப் பக்கத்தில் காலண்டர் தாளுக்கா பஞ்சம்? "உங்க சர்வர் நம்பர் ஆனி 12, அஷ்டமில இருக்கு" என்று சொல்லி, கட்டிலிருந்து அந்த அஷ்டமியை உருவுவார்.

வந்தவுடன் அவர் கேட்கும் முதல் கேள்வி: "யாரு தொட்டா?"

கடை மொத்தமும் ஒரே குரலில்: "யாரும் எதையும் தொடலண்ணே."

"தொடாம எதுவும் கெடாதுண்ணே" என்பார். அவருடைய வேதத்தில் இந்த ஒரு வரிதான் உண்டு.

அவர் வந்து சேருவதற்குள் கணக்கர் ஒரு தடவை, லோடுமேன் ஒரு தடவை, டீ கொண்டுவந்த பையன் ஒரு தடவை சர்வரை அணைத்துப் போட்டிருப்பார்கள். அவருக்கு உண்மையில் வருத்தம் வருவது அப்போதுதான். "பொணத்தைக் குளிப்பாட்டி, மாலை போட்டுட்டு, அப்புறம் போலீசைக் கூப்பிடுறீங்க!"

மற்றவர்களுக்கு 'கனெக்ட் ஆகல' என்பது ஒரே நோய். அவருக்கு அதில் பல வகை. திரையில் 10060 என்று வந்தால், வீட்டு வாசலில் நின்று கத்தியும் உள்ளே சத்தமே இல்லை: ஆள் ஊரில் இல்லை, அல்லது நடுவழியில் ஃபயர்வால் என்னும் காவலாளி சொல்லாமல் கொள்ளாமல் தடுத்துவிட்டான். 10061 என்று வந்தால், ஆள் இருக்கிறார், ஆனால் தட்டிய கதவுக்குப் பின்னால் கடை இல்லை. 1045 என்றால் கதவு திறந்தது, "நீ யாரு?" என்று கேட்டுத் துரத்தினார்கள், பாஸ்வேர்டு தப்பு. திரையில் வந்த எண்ணைக் கேட்காமல் அவர் பையைத் திறக்கவே மாட்டார். "வயித்து வலின்னா போதுமா? இடதா வலதான்னு சொல்லணும்ல?"

அடுத்தது பிங். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றை 'ஓய்' என்று கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்ன வித்தை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் ஒரே இரவில் எழுதிய நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் ஒலியைக் கேட்டு அந்தப் பெயரை வைத்தார். அவர் வேலை பார்த்தது அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் என்பதில் நம்மாளுக்குத் தனிப் பெருமை. "அவரும் நம்மள மாதிரி வெடிமருந்துப் பக்கத்து ஆளுதான்" என்பார்.

ஆனால் பிங்கை அவர் முழுக்க நம்புவதில்லை. தெருமுனையில் நின்று கூப்பிட்டால் 'ஓய்' என்பவன் எல்லாம் வீட்டுக்குப் போனால் கதவு திறப்பானா? மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு வழக்கமான கதவு 3306. அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு.

ஆடிக் கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் மணல்வெளியில் மாரியம்மனைப் பார்க்கக் கூட்டம் திரளும்போது, அவர் வரிசையில் நின்றுகொண்டே பாடம் நடத்துவார். "மைஎஸ்க்யூஎல்லும் இதே மாதிரிதாண்ணே. நாம கைவைக்காம விட்டா உள்ள 151 பேருக்குத்தான் எடம். 152-ஆவது ஆளை வாசல்லயே நிப்பாட்டிரும். ஆனா நிர்வாகிக்கு மட்டும் கூட ஒரு எடம் ஒதுக்கி வச்சிருக்கும்." பக்கத்திலிருந்தவர் சிறப்பு தரிசன வழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னொண்ணு. உள்ள போயி ஒண்ணுமே கேக்காம மண்டபத்துல துண்டை விரிச்சுப் படுத்திருக்கானே, அவனை 28,800 செகண்டு, அதாவது எட்டு மணி நேரம் கழிச்சுத்தான் எழுப்பும்." சரியாக எழுதப்படாத பில் போடும் மென்பொருள் இப்படித்தான் படுத்துக்கொண்டு, அடுத்தவனை உள்ளே விடாது என்பது அவர் அனுபவம்.

இவ்வளவு ஞானமும் போன சீசனில் ஒரு பட்டாசுக் கடையில் சோதனைக்கு வந்தது.

முதலாளி அவரைத் தனியே அழைத்தார். "ஒரு வாரமா இந்தக் கூத்து. காலையில ஓடுது. பதினோரு மணிக்குப் படுத்துருது. ரெண்டு மணிக்கு எந்திரிக்குது. நாலு மணிக்கு மறுபடி படுக்குது." குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிராத. மூத்த மாப்பிள்ளை கடைக்கு வர்ற நேரம் அது. அவரு சாப்பிடப் போனா ஓடுது. வந்து கல்லாப் பக்கம் உக்காந்தா நின்னுருது. அவருக்கு நேரம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. அம்மனுக்கு மாவிளக்கும் போட்டாச்சு."

சர்வர் அண்ணன் சிரிக்கவில்லை. எண்ணைக் கேட்டார். 10061. பிங் அடித்தார், பதில் வந்தது. சர்வருக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பிங் அடித்தார். அப்போதும் பதில் வந்தது! டீ கொண்டுவந்த பையன் இரண்டடி பின்வாங்கினான். பெட்டியைப் பிரித்த பிறகும் பெட்டி பேசுகிறது.

அவர் மட்டும் கலங்காமல் 'ஆர்ப்' என்று ஏதோ தட்டினார். 192.168.1.10 என்ற முகவரிக்குச் சொந்தக்காரரின் 12 எழுத்து வன்பொருள் எண் திரையில் வந்தது. கட்டிலிருந்து அஷ்டமியை உருவி, அதில் குறித்திருந்த சர்வரின் வன்பொருள் எண்ணோடு ஒப்பிட்டார். ஒரு எழுத்துகூடச் சேரவில்லை.

"ரவுட்டர எப்ப மாத்துனீங்க?"

"அதுவா... போன வாரம் மாப்பிள்ளைதான் புதுசு வாங்கி மாட்டுனாரு. சும்மா மாட்டுனதுதான். எதையும் தொடல."

விஷயம் இதுதான். வருகிற போனுக்கெல்லாம் முகவரி எண் வழங்குவது ரவுட்டரின் வேலை. சர்வரின் கதவிலக்கம் ஏற்கெனவே குடியிருக்கும் வீடு என்று புது ரவுட்டருக்கு யாரும் சொல்லவில்லை. அது தாராளமாக அதே இலக்கத்தை மாப்பிள்ளையின் போனுக்கும் கொடுத்துவிட்டது. அன்று முதல் மாப்பிள்ளை உள்ளே நுழைந்ததும், நாலு பில் கம்ப்யூட்டரும் அவர் சட்டைப் பையைத் தட்டி, "சங்குசக்கரம் எத்தனை பெட்டி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தன. போனுக்கு என்ன தெரியும், பாவம்? "இங்க அப்படிக் கடை எதுவும் இல்லை" என்று திருப்பி அனுப்பியது.

வழங்கும் எண்களை 100-லிருந்து தொடங்கும்படி ரவுட்டரில் மாற்றினார். மாப்பிள்ளையின் போனில் வைஃபையை அணைத்துப் போட்டார். பிடுங்கிய கேபிளை மறுபடி சொருகினார். ஐந்து நிமிஷ வேலை. பில் சரசரவென்று வரத் தொடங்கியது. மாப்பிள்ளை கல்லாப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், கடை ஓடியது.

"அவரு ராசியெல்லாம் ஒண்ணுமில்ல மொதலாளி. அவரு போன்தான்" என்று மெல்லச் சொன்னார்.

முதலாளி போனைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "போன் யாருது தம்பி?"

அதற்கு எந்த எண்ணும் எந்தக் கட்டளையும் அவர் கைவசம் இல்லை. சுவரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, புது விவரங்களை முதுகில் எழுத ஆரம்பித்தார். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தத் தாளைக் கையிலிருந்து வாங்கி மறுபக்கம் திருப்பினார்.

"பாத்தியா! சந்திராஷ்டமம் யாருக்குன்னு போட்டிருக்கான், படி!"