மிதிக்கவா, பூட்டி வைக்கவா?

கேள்வி: அறுபதுகளின் லுட்விக் 'ஸ்பீடு கிங்' டிரம் பெடல் ஒன்று கிடைத்திருக்கிறது. தினமும் பயன்படுத்தலாமா, கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாமா?

பதில்: மிதிபடவே பிறந்த பொருள், தாராளமாக மிதியுங்கள்! 1937இல் வந்த மாடல் அது. ஸ்பிரிங்குகள் இரு தூண்களுக்குள்ளே ஒளிந்திருக்கும். சும்மா கிடந்தால் கிரீஸ் காய்ந்து இறுகிவிடும், பிறகு கீச்சிடும். லெட் செப்பலினின் ஜான் பான்ஹாம் மிதித்த ஸ்பீடு கிங்கின் கீச்சொலி, 1970இல் வெளியான அவர்களின் மூன்றாவது ஆல்பத்திலேயே பதிவாகியிருக்கிறது. அவர் காலடியில் அதுவும் சங்கீதம்! நீங்கள் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக இடுங்கள். முலாம் போகுமளவு பளபளப்பாக்க வேண்டாம்.

அக்காலத்து ஒல்லியான சிம்பல் ஸ்டாண்டுகளிடம் மட்டும் கருணை வேண்டும். இன்றைய கனத்த சிம்பல்களை ஏற்றினால் சாய்வைப் பிடிக்கும் பற்கள் தேய்ந்துபோகும். வார்ப்புப் பாகத்தில் விரிசல் கண்டால் அன்றே ஓய்வு கொடுங்கள்.