சொன்னதையே சொன்ன டாக்டர் பிள்ளைகள்

1929 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவின் அனாபொலிஸ் நகரில் ஒரு கணவர் மனைவிக்குக் கிளி பரிசளித்தார். நகை வாங்கியிருந்தால் செலவு பர்ஸோடு போயிருக்கும். கிளி சோர்ந்து, சிறகு கலைந்து, செத்துப் போனது. ஜனவரி பிறந்ததும் மனைவி, மகள், மருமகன் என்று வரிசையாகப் படுத்தார்கள். கடும் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, வறட்டு இருமல்.

பார்க்க வந்த டாக்டருக்குக் குழப்பம். டைபாய்டு என்றால் நெஞ்சில் ஏன் சளி கட்டுகிறது? நிமோனியா என்றால் மற்ற அறிகுறிகள் ஏன் டைபாய்டு மாதிரி இருக்கின்றன? வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார். அந்த அம்மாள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை ஒழுங்காகப் படிப்பவர். அர்ஜென்டினாவில் மேடையில் கிளியைக் கொஞ்சிய நாடகக்காரர்கள் கூண்டோடு நோயில் விழுந்த செய்தி அதில் வந்திருந்தது. “கிளிக் காய்ச்சலா இருக்குமோ?” என்று கேட்டார். எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, ஃபீஸும் இல்லை. நோய் பிடிபட்டது.

டாக்டர் உடனே வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். கிளிக்குக் காய்ச்சலா, அது மனிதனுக்கு ஒட்டுமா என்று அங்கே பலருக்குச் சிரிப்பு. சிரித்தவர்கள் பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கலாம். சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் என்ற ஊரில் ரிட்டர் என்ற டாக்டர், 1879லேயே தன் உடன்பிறந்தவர் வீட்டில் ஏழு பேர் இப்படிப் படுத்ததையும், அதில் மூவர் இறந்ததையும், பறவைக் கூண்டு இருந்த அறைதான் காரணம் என்பதையும் எழுதி வைத்திருந்தார். அவர் பெரிய ஆராய்ச்சிக் கூடத்து ஆள் இல்லை. யார் கேட்பார்கள்?

கேட்டது நோகார்ட் சொன்னதைத்தான். பாரீஸின் பெரிய விஞ்ஞானி அவர். 1892ல் புவனோஸ் அயர்ஸிலிருந்து பாரீஸுக்குக் கப்பலில் வந்த கிளிகள் நோயைக் கொண்டு வந்தன. பாதிப் பயணத்திலேயே பல செத்தன. செத்தவற்றின் சிறகு எலும்பிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து, “இதுதான் குற்றவாளி” என்று 1893ல் அறிவித்தார். தவறான ஆள். அது சால்மோனெல்லா வகை. உண்மைக் குற்றவாளி அந்தப் பக்கமாகத் தப்பித்துவிட்டான். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் டாக்டர்கள் “நோகார்ட் கிருமி, நோகார்ட் கிருமி” என்று கூண்டுக் கிளி போல ஒப்பித்தார்கள். நோயாளிகளின் உடலில் அதைத் தேடினார்கள், கிடைக்கவில்லை, மறுபடி ஒப்பித்தார்கள்.

1930ல் வாஷிங்டனின் அரசு சுகாதார ஆய்வகத்தில் சார்லஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கும் உதவியாளர் ஹென்றி ஆண்டர்சனும் அடித்தளத்தில் கிளிகளோடு குடியேறினார்கள். ரப்பர் கையுறை உண்டு, கிருமிநாசினி உண்டு. ஆனால் இந்தக் கிருமி கையால் வருவது அல்ல. கிளியின் எச்சம் காய்ந்து தூசியாகும். சிறகை ஒருமுறை படபடவென்று அடித்தால் போதும், தூசி மூச்சில் ஏறி நேரே நுரையீரலுக்குப் போகும். பிப்ரவரியில் ஆண்டர்சன் இறந்தார். ஆர்ம்ஸ்ட்ராங்கும் படுத்தார். அவருடைய மேலதிகாரி மெக்காய், நோயிலிருந்து மீண்ட ஒருவரின் சீரத்தை ஏற்றினார், ஆர்ம்ஸ்ட்ராங் பிழைத்தார். அடுத்து, கிளியின் நிழலைக்கூட மிதிக்காதவர்கள் மேல்மாடியில் விழத் தொடங்கினார்கள். மெக்காய் அடித்தளத்துக்குள் தனியாகப் போய் அத்தனை பறவைகளையும் கொன்று எரித்தார். பிறகு கட்டடத்தைக் காலி செய்து சயனைடு புகை போட்டார்கள். இத்தனை நடந்தும், மெக்காயை நோய் தொடவில்லை.

இதற்கிடையில் ஜனவரி 24 அன்று அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்குத் தடை போட்டார். பங்குச் சந்தை சரிந்து மூன்று மாதம். எதையாவது தடுத்து நிறுத்த முடிந்ததே என்று மனிதருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பயந்துபோன ஜனங்கள் வளர்த்த கிளிகளைத் தெருவில் விட்டார்கள். மாலுமிகளும் தங்கள் கிளிகளைத் தொலைக்க வேண்டும் என்று கடற்படையில் உத்தரவு. அமெரிக்காவில் நோய் கண்டவர்கள் 169 பேர், இறந்தவர்கள் 33 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சிரிப்பு அங்கே நின்றுபோனது.

ஹூவர் வாசலைப் பூட்டினார், நோய் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தது. இது உவமை இல்லை. வேலை போன கலிஃபோர்னியாக்காரர்கள் வீட்டின் பின்புறத்தில் காதல் கிளிகளை வளர்த்து விற்றுப் பிழைத்தார்கள். அந்தப் பறவைகளைச் சோதித்த விஞ்ஞானி கார்ல் மேயர், பார்ப்பதற்குக் கொழுகொழுவென்றிருந்தவையும் கிருமியைச் சுமப்பதைக் கண்டார். வெளிநாட்டுக் கிளியைத்தான் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள்!

குற்றவாளி அகப்பட்டதும் 1930லேதான். லண்டன், பெர்லின், வாஷிங்டன் என்று தனித்தனியாகச் சிலர் கண்டார்கள். பாக்டீரியா தாண்ட முடியாத வடிகட்டியை அது தாண்டியது, செல்லுக்குள் புகுந்துதான் வாழ்ந்தது. “அப்படியானால் வைரஸ்” என்றார்கள். அடுத்த முப்பது வருஷம் அந்த ஒப்பித்தல். டெட்ராசைக்ளின் கொடுத்தால் நோயாளி எழுந்து உட்கார்கிறார், வைரஸுக்கு இந்த மருந்து வேலை செய்யாதே என்ற சந்தேகம் வலுத்து, 1960களில்தான் அது பாக்டீரியா என்று தீர்ப்பானது. பெயர் கிளமிடியா சிட்டாசி. இந்தக் கதையில் ஒப்பிக்காத ஒரே ஜீவன் கிளிதான்.

1930 மே மாதம் வாஷிங்டனின் அந்த அரசு ஆய்வகம் தேசிய சுகாதார நிறுவனமாகப் பதவி உயர்வு பெற்றது. இன்றைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையிலேயே பெரும்பாலோர் குணமாகிறார்கள், டாக்டருக்குத் தெரிந்தால்! கிளியோ புறாவோ வளர்ப்பவர் காய்ச்சலும் வறட்டு இருமலுமாய் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் பறவை இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.