வெளிச்சத்துக்கு விரல் உண்டா?

ஒளிக்கற்றையால் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்கலாம், நகர்த்தலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சந்தேகம், பாதி சண்டை. இரண்டுக்கும் பதில் இதோ.

கேள்வி: கடை மூடும்போது தரையில் ஓடிய எறும்பின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தேன். அது தன் பாட்டுக்குப் போய்விட்டது. ஒளி தள்ளும் என்றீர்களே? — டார்ச் லைட் கடைக்காரர்

பதில்: தள்ளியது. எறும்புதான் மதிக்கவில்லை. ஒரு வாட் ஒளியை ஒரு பொருள் முழுதாக விழுங்கினால், அதற்குக் கிடைக்கும் தள்ளுவிசை ஒரு நியூட்டனில் 30 கோடியில் ஒரு பங்கு. ஒரு மில்லிகிராம் எறும்பின் எடையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3,000-இல் ஒரு பங்கு. நீங்களாக இருந்தாலும் நின்று பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஆனால் விஷயம் பழசு. வால்நட்சத்திரத்தின் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்வதைப் பார்த்து, வெயில்தான் தள்ளுகிறது என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே நினைத்தவர் கெப்ளர். 1873-இல் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டினார். மாஸ்கோவில் பியோத்தர் லெபெதெவ், காற்றை உறிஞ்சிய குடுவைக்குள் மெல்லிய தகடுகளைத் தொங்கவிட்டு அந்தத் தள்ளலை அளந்தே விட்டார். 1901-இல் முடிவு அச்சானது.

கேள்வி: தள்ளுகிற சாமான் எப்படி ஐயா பிடிக்கும்? — ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர்

பதில்: இதைக் கேட்க உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. 'உள்ளே போ, உள்ளே போ' என்று தள்ளித்தானே முப்பது வருஷம் எல்லோரையும் பிடித்து வைத்தீர்கள்!

1970-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின், தண்ணீரில் மிதந்த நுண்ணிய உருண்டைகளை லேசரால் தள்ளிப் பார்த்தார். அவை முன்னால் ஓடின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கற்றையின் ஓரத்தில் இருந்தவையும் நடுவுக்கு வந்து சேர்ந்துகொண்டு ஓடின. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால் பரிசல் எதிர்ப்பக்கம் விலகும் இல்லையா? ஒளி ஊடுருவும் உருண்டை ஒரு குட்டி லென்ஸ். உள்ளே நுழைந்த கதிரை மடக்கி வேறு திசையில் அனுப்புகிறது. கதிர் ஒரு பக்கம் தாவ, உருண்டை மறுபக்கம் நகர்கிறது. கற்றையின் நடுவில் ஒளி அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவிலிருந்து வரும் கதிர்கள் வெளிப்பக்கம் தாவும்போது கொடுக்கும் உதையே ஓங்கி நிற்பதால், உருண்டை நடுவுக்கு வந்துவிடும்.

நுண்ணோக்கி லென்ஸால் கற்றையை இறுக்கிக் குவித்தால், முன்னே ஓடப் பார்க்கும் உருண்டையையும் அதே கணக்கு பின்னுக்கு இழுத்துவிடும். 1986-இல் ஆஷ்கினும், ஸ்டீவன் சூ உள்ளிட்ட மூன்று சகாக்களும், ஒரே கற்றையால் 10 மைக்ரானிலிருந்து 25 நானோமீட்டர் வரையுள்ள துகள்களைப் பிடித்தார்கள். அதுதான் ஒளி இடுக்கி.

கேள்வி: எறும்பிடம் தோற்ற ஒளி உருண்டையிடம் மட்டும் எப்படி ஜெயித்தது? — பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: நல்ல குறுக்குக் கேள்வி. ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள பிளாஸ்டிக் உருண்டையை எடுத்துக்கொள்வோம். ஒளி இடுக்கியின் பிடி ஒரு பிக்கோ நியூட்டன் என்று வைப்போம். அதாவது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அந்த அற்ப விசையே உருண்டையின் எடையைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு! பலசாலி ஆக ஒளி உடற்பயிற்சி செய்யவில்லை, எதிராளியைச் சின்னதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. நம் தெருவிலும் சிலர் இப்படித்தான்.

கேள்வி: 'வடிவமைத்த ஒளி' என்கிறார்களே, ஒளிக்கு ஏது வடிவம்? — ஒரு குடும்பத் தலைவி

பதில்: முறுக்கு உரல் உங்களிடம் இருக்கும். மாவு ஒன்றுதான், அச்சை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன். லேசர்தான் மாவு. கணினி கணக்குப் போட்டு ஒளியின் அலையைப் புள்ளி புள்ளியாகத் திருத்தும் திரவப் படிகத் திரைதான் அச்சு. என்னென்ன பிழியலாம் தெரியுமா?

முதலில் மெதுவடை. நடுவில் இருட்டு, சுற்றி ஒளி. இதன் அலைமுகம் சுழல்படிக்கட்டு மாதிரி முறுக்கிக்கொண்டு போகும். இந்த முறுக்கில் சுழற்றும் சக்தி இருக்கிறது என்று 1992-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் லெஸ் ஆலனும் கூட்டாளிகளும் காட்டினார்கள். 1995-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒளியை விழுங்கும் கரிய துகள்களை அந்த வடை ஓட்டையில் சிறைவைத்தார்கள். அவை பம்பரமாய்ச் சுழன்றன. இடுக்கி, திருகுச்சாவி ஆயிற்று.

அடுத்து கோலத்து வட்டங்கள். நடுவில் பொட்டு, சுற்றிலும் வளையங்கள். பெசல் கற்றை என்று பெயர். ஒரு துகள் பொட்டை மறைத்தால், வளையங்களின் ஒளி கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி பொட்டை உண்டாக்கிவிடும். அழித்த கோலம் தானே போட்டுக்கொள்கிற மாதிரி! இதனால் ஒன்றன்பின் ஒன்றாக வைத்த தனித்தனி அறைகளில் ஒரே கற்றையால் துகள்களைப் பிடிக்கலாம்; 2002-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் பிடித்தார்கள். அதே ஊரில் 2008-இல், வளைந்து போகும் 'ஏரி' (Airy) என்ற கற்றையால் துகள்களை ஓரிடத்திலிருந்து வாரி அடுத்த இடத்தில் கொட்டினார்கள். நம் வீட்டுத் துடைப்பத்துக்கு இவ்வளவு நாசூக்கு இல்லை.

அச்சில் ஓட்டைகள் கூடினால் இழைகளும் கூடும். சிகாகோவில் டேவிட் கிரையர் குழு 1998-இல் தொடங்கி வைத்த ஹாலோகிராம் முறையில், ஒரே லேசரைப் பல இடுக்கிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே நகர்த்தலாம்.

கேள்வி: லேசர் பட்டால் கிருமி பொசுங்கிவிடாதா? — மருந்துக்கடை ஊழியர்

பதில்: பொசுங்கியது. ஆஷ்கின் பாக்டீரியாவைப் பச்சை லேசரால் பிடித்தபோது அவை செத்தன. அகச்சிவப்புக்கு மாறினார். 1987-இல் வந்த கட்டுரைப்படி, பிடிக்குள் இருந்தபடியே பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகின. சிறைக்குள்ளேயே குடித்தனம்!

கேள்வி: வேடிக்கை சரி, உபயோகம் என்ன? — 'சுமை தூக்கும் தொழிலாளி' என்று கையெழுத்திட்டவர்

பதில்: உங்கள் சங்கத்துக்காரர் ஒருவரை இதனால்தான் நெருங்கிப் பார்த்தோம். நம் செல்லுக்குள் கைனசின் என்ற புரதம் மூட்டை சுமந்துகொண்டு இழைமேல் நடக்கிறது. அதன் முதுகில் ஒரு நுண் உருண்டையை ஏற்றி, உருண்டையை ஒளியால் பிடித்து, 1993-இல் ஸ்டீவன் பிளாக் குழு அதன் அடியை அளந்தது. ஓரடிக்கு 8 நானோமீட்டர். பின்னுக்கு இழுத்தால் ஐந்தாறு பிக்கோ நியூட்டன் வரை மல்லுக்கட்டும்; அதற்கு மேல் நின்றுவிடும். அளவுக்கு மீறி ஏற்றினால் யாராயிருந்தாலும் அப்படித்தானே?

கேள்வி: என் வாசலை மறித்து வண்டி நிறுத்தும் எதிர்வீட்டுக்காரரை இப்படித் தூக்கிவிட முடியுமா? — பெயர் வேண்டாம்

பதில்: எழுபது கிலோ ஆளை ஒளியின் தள்ளலால் மட்டும் தூக்கி நிறுத்த, அவர் மேல் ஏறக்குறைய 21,000 கோடி வாட் ஒளி விழ வேண்டும். 1,000 மெகாவாட் அணு உலைகள் 210 வேண்டும். தூக்குவதற்கு முன் அவர் ஆவியாகிவிடுவார், மின்கட்டணத்தில் நீங்கள். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கு நோபல் கொடுத்தார்களா? — பொது அறிவுப் பிரியர்

பதில்: ஒற்றைக் கற்றை இடுக்கி வந்து 32 ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஆஷ்கினுக்குப் பாதிப் பரிசு. வயது 96. அழைத்துச் சொன்னவர்களிடம், புதுக் கட்டுரை வேலையில் மும்முரமாக இருக்கிறேன், பேட்டிக்கு நேரமிருக்காது என்றாராம். மிக மூத்த நோபலாளர் என்ற அவர் பட்டத்தை அடுத்த ஆண்டே 97 வயது ஜான் குடெனஃப் தட்டிக்கொண்டு போனார்.

கேள்வி: 'ஆளைப் பிடிக்கும் டார்ச் இங்கே கிடைக்கும்' என்று போர்டு வைக்கலாமா? — அதே டார்ச் கடைக்காரர்

பதில்: வையுங்கள். கீழே சின்ன எழுத்தில் இதையும் சேருங்கள்: 'டார்ச்சுக்குப் பதில் லேசரும் நுண்ணோக்கியும் வாங்க வேண்டும். ஆள் ஒரு மைக்ரான் அளவில், கண்ணாடிபோல, தண்ணீரில் மிதக்க வேண்டும்.' முதல் பிரதியை எறும்புக்குக் கொடுங்கள்.