ஈரல் இல்லாத பன்றிகள் குறித்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
வாளும் தோள்பையும் உடைய சாதாரணக் குடிமகன்,
லெவல் ஏறக் காத்திருப்போர் வரிசை.

பெறுநர்:
உயர்திரு லூட் டேபிள் அலுவலர் அவர்கள்,
மான்ஸ்டர் உடைமைகள் பங்கீட்டுத் துறை,
அனைத்து ஆன்லைன் உலகங்கள்.

பொருள்: செத்த மிருகத்திடம் அதன் சொந்த உறுப்புகளாவது இருக்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் துறை இல்லையென்றால் எங்களில் பலர் நேரத்துக்குத் தூங்கியிருப்போம், சிலர் பரீட்சையில்கூடத் தேறியிருப்போம். அந்த நன்றியை முதலில் தெரிவித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு திறக்கப்பட்டபோது, வெஸ்ட்ஃபால் என்ற வறண்ட வட்டாரத்தில் சால்மா சால்டீன் என்றொரு பண்ணைவீட்டு அம்மாள் இருந்தார். பலகாரத்துக்குள் வைக்க எட்டுக் காட்டுப்பன்றி ஈரல் கேட்டார். எட்டுப் பன்றி போதும் என்று நம்பிப் போனவர்கள் பன்றி மேல் பன்றியாகச் சாய்த்தார்கள். பாதிக்கு மேல் ஈரலே இல்லை. ஈரல் இல்லாமலேயே அவை மேய்ந்திருக்கின்றன, ஓடியிருக்கின்றன, வந்தவர்களை முட்டித் தள்ளியும் இருக்கின்றன. அதே அம்மாளின் குழம்புக்கு மூன்று பன்றி மூக்கும் மூன்று மர்லாக் கண்ணும் வேண்டியிருந்தன. மர்லாக் என்பது தவளைக்கும் மீனுக்கும் நடுவில் நிற்கும் கரையோரப் பிராணி, முகத்தில் பாதி கண்தான். உயிரோடு இருக்கும்வரை இரண்டையும் உருட்டி முறைக்கும். செத்த பிறகு தேடினால் ஒன்றுகூட இருக்காது.

அதே உலகின் பேரன்ஸ் சமவெளியில் இன்னும் மோசம். அங்கே ஸெவ்ரா என்ற வரிக்குதிரையின் குளம்பு கேட்டார்கள். எத்தனை? நான்கே நான்கு. எண்ணத் தெரிந்த குழந்தைகூட ஒரு ஸெவ்ராவோடு வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

ஆனால் மேலிடத்து ஆட்கள் என்றால் தங்கள் துறைக்கு உடற்கூறு சுத்தமாக நினைவுக்கு வந்துவிடுகிறது. ஓனிக்ஸியா என்ற கறுப்பு டிராகனை அன்று நாற்பது பேர் வரை சேர்ந்து வீழ்த்துவார்கள். கிடைப்பது ஒரே தலை. டிராகனுக்கு ஒரு தலைதானே என்றால் மறுக்க முடியாது. அதே டிராகனின் உடலிலிருந்து மந்திரவாதிக்கும் பூசாரிக்கும் போர்வீரனுக்கும் அளவெடுத்துச் செய்த தலைக்கவசங்கள் எப்படி வந்தன என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

தங்கள் தரப்பு நியாயம் தெரியாதவன் அல்ல நான். எல்லாப் பன்றிக்கும் ஈரல் கொடுத்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மாதச் சந்தா கட்டியவன் மீதி மாதத்துக்கு என்ன செய்வான்? பொருள் தாராளமாகக் கொட்டினால் சந்தையில் விலை சரியும், பையில் இடம் இருக்காது. ஆகவே ரேஷன் கடைப் பலகை போல ஒவ்வொரு பன்றியின் வயிற்றிலும் ‘இருப்பு இல்லை’ என்று எழுதித் தொங்கவிட்டீர்கள். நிர்வாகம் என்ற அளவில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் மூன்றாவது பன்றியிலேயே எங்களுக்குப் பன்றி மறந்துபோகிறது. காடு மறைந்து கண்ணுக்கு முன்னால் ஈரல் கிடைக்கும் சதவிகிதம் மட்டும் நிற்கிறது. மரமும் மூடுபனியும் வரைவதற்கு அத்தனை ஓவியர்களுக்குச் சம்பளம் கொடுத்தீர்களே, அந்தப் பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தங்கள் துறையிலேயே நல்ல கிளை அலுவலகங்கள் உண்டு. ரூன்ஸ்கேப்பில் ஒரு மாட்டைக் கொன்றால் எலும்பு, தோல், இறைச்சி மூன்றும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும். அந்த நாணயமான மாட்டுக்கு ஒரு சிலையே வைக்கலாம். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் செத்த ஆட்டை நீங்களே கத்தியால் அறுக்க வேண்டும், பறவையிடம் இறகு இருக்கும். ஓநாய் பசித்து முயலைத் தேடும்படியான ஓர் உயிர்ச்சங்கிலிகூட அங்கே திட்டத்தில் இருந்தது. வீரர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டித் தீர்த்ததில் சங்கிலி அறுந்துபோனது. இந்த வழக்கில் நாங்களும் எதிரிகள்தான், பதிவு செய்துகொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஊழியர், 2002இல் கொரியாவிலிருந்து வந்த ரக்னராக் ஆன்லைனின் போரிங். இளஞ்சிவப்பு ஜெல்லி உருண்டை. தரையில் யாராவது எதையாவது போட்டால் தத்தித் தத்திப் போய் விழுங்கிவிடும். பிறகு அதைக் கொன்றால் விழுங்கியது அப்படியே வெளியே வரும். இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. அதனிடம் உங்கள் கத்தி இருக்கிறதென்றால் அது உங்கள் கத்தியைத் தின்றிருக்கிறது, அவ்வளவுதான். அதே உலகத்தில் மான்ஸ்டர் கார்டு என்ற அரிய பொருள் கிடைக்கும் வாய்ப்பை 0.01 சதவிகிதமாக வைத்ததும் தாங்கள்தான் என்பதால் அந்த உலகத்துக்கான பாராட்டை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

2004இல் தொடங்கிய மான்ஸ்டர் ஹன்டரில் வால் வேண்டுமென்றால் வாலை வெட்ட வேண்டும். சுத்தியல்காரன் எத்தனை அடித்தாலும் வால் துண்டாகாது, வெட்டும் ஆயுதக்காரன் ஒருவனைக் கூட்டிவர வேண்டும். துண்டான வாலைத் தனியே போய் அறுக்கலாம். அந்தச் செதிலிலும் எலும்பிலும் செய்த கவசத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தால், எதைக் கொன்றான் என்று பார்ப்பவருக்கே தெரியும். அங்கும் அரிய கல்லுக்காக அதே மிருகத்தைத் திரும்பத் திரும்பக் கொல்ல வைப்பீர்கள். ஆனால் கொல்லும்போது நாங்கள் பார்ப்பது மிருகத்தை.

மிருகத்துக்கு மிருகம் வேறு வேறு பொருள் வேண்டும் என்று கேட்டால் உடனே ஒரு சுற்றறிக்கை வரும் என்ற பயமும் உண்டு. ‘எரியும் வாள்’, ‘மேலும் எரியும் வாள்’, ‘மறைந்த மன்னனின் ஓரளவு எரியும் வாள்’ என்று ஆயிரம் பெயர் சேர்ப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். பொருளைக் கடையில் வைத்து விற்கும் யோசனையும் வேண்டாம். டயாப்லோ 3இல் நிஜப் பணத்துக்கே பொருள் வாங்கும் ஏலக்கடை 2012இல் திறந்தார்கள். கொன்று பொருள் எடுப்பதுதான் ஆட்டத்தின் மையம், கடை அதைக் கெடுக்கிறது என்று 2014 மார்ச்சில் அவர்களே இழுத்து மூடினார்கள்.

நான் கேட்பது சிறிய திருத்தம். சிலந்தியிடம் செருப்பு இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தச் செருப்பு அதன் வலையில், நூல் சுற்றிக் கிடக்கும் ஒரு வியாபாரியின் காலில் இருக்கட்டும். ஓநாயின் வயிற்றில் மோதிரம் இருக்கலாம், அதைத் தேடும் ஒரு பெண் பக்கத்து ஊரில் இருந்தால். மழைக்காலத்துக் கரடியிடமும் பனிக்காலத்துக் கரடியிடமும் ஒரே பொருள் கிடைக்க வேண்டாம். ஆற்றோரத்துக் கொள்ளையன் பையில் மீன் நாறட்டும். எதுவுமே இல்லாத உடல்களும் இருக்கட்டும், ஏழை எலும்புக்கூடு என்று நினைத்துக்கொண்டு மேலே நடப்போம். பன்றிக்கு மட்டும் ஈரல் வையுங்கள்.

இந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரும் வாய்ப்பும் 0.01 சதவிகிதம் என்று அறிகிறேன். அதனால் பத்தாயிரம் பிரதி எடுக்கச் சொன்னேன். பத்தாயிரம் அனுப்பினாலும் ஒரு பதிலாவது வர 63 சதவிகிதம்தான் வாய்ப்பு என்று எங்கள் விளையாட்டுக் குழுவில் கணக்குப் பார்க்கும் தம்பி சொல்கிறான். எனவே முப்பதாயிரம் அனுப்பியிருக்கிறேன். வாங்கிவைக்கத் தங்கள் பையில் இடம் இருக்கும் என நம்பும்,

தங்கள் உண்மையுள்ள,
வாளுடைய குடிமகன்.